டிரைவ் காணோம் என்றால், எங்கே காணோம்?

அப்பாவுக்கு இடுப்பு வலி திரும்ப வந்து மூன்று வாரமாகியிருந்தது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் வலது கால் மரத்துப்போகிறது. புதிதாக ஒரு எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் செருகிப் பார்த்துவிட்டு, "2016ல ஒரு ஸ்கேன் எடுத்தோம்னு சொன்னீங்களே, அந்த சிடி இருக்கா? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் ஆபரேஷன் வேணுமா, இல்ல மருந்தும் பிசியோவும் போதுமான்னு சொல்ல முடியும். திங்கட்கிழமை வரும்போது கொண்டு வந்துருங்க" என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை.

சிடி இருந்தது. அம்மா எந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் தூக்கிப் போட மாட்டார்கள். பரணில் இருந்த பெரிய கவரை இறக்கிப் பார்த்தால், ஃபிலிம்கள் இத்தனை வருட மொட்டைமாடிச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரிக்கப் பிரிக்கக் கருமை உரிந்து வந்தது. ஸ்கேன் எடுத்த இடத்துக்கு போன் பண்ணிக் கேட்டதற்கு, அவ்வளவு பழைய படங்களை வைத்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, அப்பாவின் முதுகெலும்பு 2016ல் எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி, கவரின் உள்பையில் இருந்த அந்த ஒரு வட்டத் தகடு.

எங்கள் வீட்டில் டிஸ்க் டிரைவ் உள்ள ஒரே கம்ப்யூட்டர் 2012ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். விண்டோஸ் 7 போட்டு வாங்கியது, 2016ல் இலவசமாகக் கொடுத்தபோது விண்டோஸ் 10க்கு மாற்றினேன். சிடியைப் போட்டேன், டிரே உள்ளே போனது, விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. அவ்வளவுதான். 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி, டி என்று இரண்டு டிரைவ்தான் இருக்கிறது. இத்தனை நாள் இ என்று இருந்த டிரைவின் படமே இல்லை. வெளியே எடுத்துத் திரும்பப் போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், ஒன்றும் மாறவில்லை.

"என்னடா, டிஸ்க் கெட்டுப்போச்சா?" என்று அப்பா படுத்தபடியே கேட்டார். சமையலறையிலிருந்து அம்மா, "எந்த டிஸ்க்கு? இடுப்புல உள்ளதா?" என்று பதறிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரமாக அந்த வீட்டில் டிஸ்க் என்றால் அப்பாவின் எல்4-எல்5 (இடுப்புப் பக்கம் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு) தான். அவர்களை உட்காரவைத்துவிட்டு நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன்.

இங்கேதான் என் முதல் தவறு. எதையும் யோசிக்காமல் கேபிளைச் சந்தேகப்பட்டேன். இந்த டிரைவுக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள் போகின்றன. இரண்டும் சாட்டா என்ற இணைப்பு முறையைச் சேர்ந்தவை. அகலமான 15 பின் ஒயர் கரன்ட் கொடுப்பதற்கு, குறுகலான 7 பின் ஒயர் தகவல் போக வர. தகவல் ஒயர் கழன்றிருந்தாலும் டிரே தாராளமாகத் திறந்து மூடும், ஏனென்றால் அதற்குக் கரன்ட் மட்டும் போதும். அதனால் "டிரே திறக்குது, விளக்கு எரியுது, அப்ப டிரைவ் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டக் கூடாது என்பது சரி. ஆனால் நான் அதற்கு மறுபக்கம் விழுந்தேன். தகவல் ஒயர்தான் போயிருக்கும் என்று நானே தீர்மானித்து, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் போய்ப் புது சாட்டா கேபிள் வாங்கி வந்து மாட்டினேன். ஹார்ட் டிஸ்க்கின் போர்ட்டுக்கு அடுத்த போர்ட்டில் மாற்றிக்கூடச் செருகினேன். டிரைவ் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படியே போனது.

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு போன் பண்ணினேன். இருபது வருடமாக அந்த வேலை பார்க்கிறவர். நான் கேபிள் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே, "தம்பி, பயாஸ்ல பேரு தெரியுதா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "மொதல்ல அதப் பாருங்க. கேபிள் எல்லாம் அப்புறம்."

அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். டிரைவ் காணோம் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அதற்கு ஒரு அர்த்தம் மட்டும் கிடையாது. மதர்போர்டுக்கே டிரைவ் தெரியாமல் இருக்கலாம். மதர்போர்டுக்குத் தெரிந்து விண்டோஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். விண்டோஸுக்குத் தெரிந்தும் சி, டி, இ மாதிரி ஒரு எழுத்து கிடைக்காமல் நம் கண்ணுக்குப் படாமல் இருக்கலாம். டிரைவ் எல்லா இடத்திலும் சரியாகத் தெரிந்து, உள்ளே போட்ட தகடு மட்டும் படிக்க முடியாமல் இருக்கலாம். நான்கும் நமக்கு ஒரே மாதிரி தோன்றும்: சிடி போட்டேன், ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்தப் படியில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைத்தால், என்னைப் போலக் கேபிள் வாங்கப் போக வேண்டியதுதான்.

பயாஸ் என்பது விண்டோஸ் எழும் முன்பே மதர்போர்டில் ஓடுவது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் பட்டனை விடாமல் தட்டினேன் (சில கம்ப்யூட்டர்களில் எஃப்2), நீலத் திரை வந்தது. அதில் சாட்டா போர்ட்டுகளின் பட்டியலில் ஹார்ட் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே டிவிடி ரைட்டரின் மாடல் எண் தெளிவாக எழுதியிருந்தது. பயாஸில் பெயர் தெரிகிறது என்றால் கரன்ட் வருகிறது, கேபிள் நன்றாக இருக்கிறது, டிரைவின் உள்ளே இருக்கும் சர்க்யூட் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதாவது நான் வாங்கிய கேபிளுக்கு அங்கே வேலையே இல்லை. அறுந்த இடம் அதற்கு மேலே, விண்டோஸில்.

அண்ணாச்சி கடையில் ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ் வைத்திருந்தார். மெல்லியது, லேப்டாப் டிரைவ் அளவில் இருக்கும். "இதக் கொண்டுபோய்ப் படத்த எடுத்துக்கிடுங்க, அப்பா விஷயம் மொதல்ல" என்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து டெஸ்க்டாப்பின் முன்பக்க யுஎஸ்பியில் செருகினேன். டிக் டிக் என்று சத்தம் வந்தது, தகடு சுற்ற முயன்று நின்றது, மறுபடி முயன்று நின்றது. இது எனக்குத் தெரிந்த விஷயம்: யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரக் கடமைப்பட்டது, 3.0 போர்ட் 900 வரை. தகட்டை முதலில் சுழற்றிக் கிளப்பும்போது டிரைவுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். பெட்டியின் முன்பக்க போர்ட்டுகளுக்கு உள்ளே நீளமான மெல்லிய ஒயர் வேறு போகிறது. அதற்காகத்தான் சில டிரைவ்களுக்கு இரண்டு தலை உள்ள யுஎஸ்பி கேபிள் கொடுக்கிறார்கள், ஒன்று தகவலுக்கும் கரன்ட்டுக்கும், இன்னொன்று கரன்ட்டுக்கு மட்டும். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாற்றிச் செருகினேன். டிக் டிக் நின்றது. விண்டோஸ் அந்த 'டுடுங்' ஒலியைக் கொடுத்தது. ஆனால் 'திஸ் பிசி'யில் அப்போதும் சி, டி மட்டும்தான்.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும் டிரைவும் தெரியவில்லை, வெளியே இருந்து கொண்டுவந்த, நேற்றுவரை கடையில் ஓடிய டிரைவும் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வழியாக இணைந்தவை, ஒன்று சாட்டா, ஒன்று யுஎஸ்பி. இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போக முடியாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, இந்த விண்டோஸில் சிடி டிரைவ் என்ற வகைக்கு இருக்கும் ஒரே வாசல். அந்த வாசலில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அதைச் சரிபார்க்க அக்கா மகனின் லேப்டாப்பை வாங்கி அதில் யுஎஸ்பி டிரைவைச் செருகினேன். ஒரு விநாடியில் டிரைவ் வந்துவிட்டது. சரி, அப்பாவின் சிடியை இங்கேயே காப்பி செய்துவிடலாம் என்று போட்டால், சுற்றியது, நின்றது, சுற்றியது, பச்சைக் கோடு நகரவே இல்லை, கடைசியில் தகடு படிக்க முடியவில்லை என்று வந்தது. பக்கத்தில் கிடந்த ஒரு பழைய பாட்டு சிடியைப் போட்டேன், அது பாடியது. ஆக எனக்கு ஒன்றல்ல, இரண்டு பிரச்சினை, ஒன்றின் மேல் ஒன்றாக. டெஸ்க்டாப்பின் விண்டோஸில் ஒன்று, தகட்டிலேயே ஒன்று.

அக்கா மகன் பரீட்சைக்குப் படிக்க லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டான். எனக்கும் டெஸ்க்டாப் டிரைவையே நம்பத் தோன்றியது. ஒரு டிரைவால் படிக்க முடியாத தகட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். லென்ஸ், மோட்டார், தகடு லேசாக ஆடினால் அதற்கேற்ப லென்ஸை நகர்த்தும் ஏற்பாடு, எல்லாம் ஒவ்வொன்றிலும் ஒரு விதம். அந்தக் கனமான முழு அளவு டிரைவ் மெல்லிய டிரைவைவிடப் பொறுமையாகப் படிக்கும் என்று என் பழைய அனுபவம் சொன்னது.

கம்ப்யூட்டரில் உள்ள சாதனங்களையெல்லாம் விண்டோஸ் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். இதை முதலிலேயே திறந்திருக்க வேண்டும். 'டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்' என்ற வரி இருந்தது, அதை விரித்தால் டிரைவின் பெயரும் இருந்தது, பெயரின் மேல் மஞ்சள் முக்கோணம். அதன் மேல் இரண்டு தடவை தட்டினால் காரணம் எழுதியிருக்கிறது: இந்தச் சாதனத்துக்கான டிரைவரை விண்டோஸால் ஏற்ற முடியவில்லை, டிரைவர் பழுதாகியோ இல்லாமலோ இருக்கலாம், கோட் 39. (டிரைவ் வேறு, டிரைவர் வேறு. டிரைவ் பெட்டிக்குள் இருக்கும் சாதனம், டிரைவர் அதை ஓட்டுகிற மென்பொருள். இந்த இரண்டு சொல்லும் கலந்து கடையில் நடக்கிற குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை.)

39 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு சி டிரைவில் இடமில்லை என்று பழைய மென்பொருள்களை அழித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று, பல வருடமாகத் தொடாத ஒரு சிடி ரைட்டிங் மென்பொருள். அதற்கப்புறம் டிஸ்க் போடும் தேவையே வரவில்லை, அதனால் அன்றைக்கே டிரைவ் மறைந்துவிட்டது எனக்குத் தெரியாது.

என்ன நடக்கிறது என்றால், விண்டோஸிலிருந்து டிரைவுக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் அடுக்கடுக்காகச் சில டிரைவர்கள் வழியாகப் போகிறது. சிடி எழுதும் மென்பொருள்கள் தங்கள் வசதிக்காக நடுவில் தாங்களும் ஒரு டிரைவரைச் செருகி வைக்கும். அதற்கு ஃபில்டர் டிரைவர் என்று பெயர். "சிடி டிரைவ் எது வந்தாலும், இந்த ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும்" என்று ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில், எழுதி வைத்துவிடும். மென்பொருளை அழிக்கும்போது அந்த ஃபில்டரின் ஃபைல் போய்விடுகிறது, ரெஜிஸ்ட்ரியில் எழுதியது மட்டும் அப்படியே இருந்துவிடுகிறது. செக்போஸ்டில் இன்னாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் லாரி போக வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது, ஆனால் அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால் எப்படி, அதே கதைதான். விண்டோஸ் உத்தரவை மீறாது, லாரியைக் கிளப்பவே கிளப்பாது. அந்த உத்தரவு ஒரு டிரைவுக்கு மட்டும் போட்டதில்லை, சிடி டிரைவ் என்ற மொத்த வகுப்புக்கும் போட்டது. அண்ணாச்சியின் யுஎஸ்பி டிரைவ் வந்தபோது அதையும் நிறுத்தியது இதனால்தான்.

சரிசெய்வதற்கு இரண்டே நிமிடம். ரெஜெடிட் என்று தட்டி ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று உள்ளே உள்ளே போனால், நெளிந்த அடைப்புக்குள் நீண்ட எண்களோடு வரிசையாகக் கிளைகள் இருக்கும். அதில் 4டி36இ965 என்று தொடங்குவதுதான் சிடி டிரைவ்களுக்கானது. அதைத் தொட்டால் வலது பக்கம் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற பெயர்களில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். எனக்கு இரண்டும் இருந்தன, இரண்டிலும் அழித்துவிட்ட அந்த மென்பொருளின் ஃபில்டர் பெயர். முதலில் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொண்டேன், அப்புறம் இரண்டையும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லியே ஆக வேண்டும். அந்த எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 4டி36இ967 என்பது ஹார்ட் டிஸ்க்குகளின் கிளை. அங்கேயும் அப்பர்ஃபில்டர்ஸ் என்று இருக்கும், ஆனால் அதில் இருப்பது விண்டோஸின் சொந்த டிரைவர், ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளைக் கவனித்துக்கொள்வது. அதை அழித்தால் அடுத்த தடவை கம்ப்யூட்டரே எழாது. 4டி36இ96பி கீபோர்டுக்கானது, அதிலும் அப்பர்ஃபில்டர்ஸ் உண்டு, அழித்தால் பாஸ்வேர்டு தட்டக்கூடக் கீபோர்டு வேலை செய்யாது. ஒரே பெயர், ஒரு எழுத்து வித்தியாசம். யாராவது போனில் அவசரமாகச் சொல்லச் சொல்ல இதைச் செய்யாதீர்கள், நிதானமாக உட்கார்ந்து செய்யுங்கள். இப்போதும் பயன்படுத்தும் ஒரு ரைட்டிங் மென்பொருள் இருந்தால், அழித்த பிறகு அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டி வரலாம்.

ரீஸ்டார்ட் ஆனதும் இ டிரைவ் வந்துவிட்டது, அதே பழைய இடத்தில்.

எனக்கு நடந்தது இது. எல்லோருக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. டிவைஸ் மேனேஜரில் முக்கோணம் எதுவும் இல்லாமல் டிரைவ் நன்றாகத் தெரிந்து 'திஸ் பிசி'யில் மட்டும் இல்லை என்றால், டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் அதற்கு ஒரு எழுத்து கொடுத்தால் போதும். விண்டோஸ் 10 வந்த புதிதில், அதற்கு மாறிய கையோடு டிரைவ் மறைந்தவர்களுக்கு ரெஜிஸ்ட்ரியில் அடாபி என்ற கிளையின் கீழ் கன்ட்ரோலர்0 என்று ஒன்றை உருவாக்கி 'எனும்டிவைஸ்1' என்ற மதிப்பை 1 என்று வைக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே ஒரு வழி கொடுத்திருந்தது. பயாஸிலேயே தெரியவில்லை என்றால்தான் கேபிள், போர்ட், பவர் ஒயர் எல்லாம். அதோடு மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் பாருங்கள், அது தீர்ந்துபோனால் பயாஸில் வைத்த அமைப்புகள் ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும். இன்னும் பழைய, 40 பின் அகல ரிப்பன் கேபிள் போட்ட கம்ப்யூட்டராக இருந்தால் டிரைவின் பின்னால் மாஸ்டர், ஸ்லேவ் என்று குட்டி ஜம்பர் ஒன்று இருக்கும், ஒரே கேபிளில் இரண்டு சாதனமும் மாஸ்டராக இருந்தால் ஒன்று தெரியாமல் போகும். அப்புறம், டிவிடி படம் ஓடவில்லை என்று சொல்லி நிறையப் பேர் டிரைவையே மாற்றுகிறார்கள். விண்டோஸ் 8லிருந்து விண்டோஸ் மீடியா பிளேயர் டிவிடி படத்தை ஓட்டுவதில்லை, விஎல்சி என்ற பிளேயரைப் போட்டால் அதே டிரைவில் ஓடும்.

இப்போது தகடு. சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. டெஸ்க்டாப் டிரைவில் போட்டேன், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஃபோல்டர் திறந்தது. எனக்கு உயிர் வந்தது. டைகாம்டிர் என்று ஒரு ஃபைல், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக .டாக், .ஜேபெக் மாதிரி வால் எதுவும் இல்லாத நூற்றுக்கணக்கான ஃபைல்கள், படம் பார்க்க ஒரு சின்ன மென்பொருள். ஸ்கேன் படங்கள் டைகாம் என்ற முறையில் இருக்கும், அந்த டைகாம்டிர் ஃபைல்தான் எல்லாவற்றுக்கும் பொருளடக்கம். அதை அழித்துவிடக் கூடாது, மொத்தத்தையும் அப்படியே காப்பி செய்ய வேண்டும். காப்பி செய்யத் தொடங்கினேன். மூன்றில் ஒரு பங்கு போனதும் நின்றது. விண்டோஸே உறைந்துபோனது.

தகட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. மேல்பக்கம், ஸ்கேன் எண்ணும் தேதியும் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்த இடத்தில், ஒரு எழுத்தின் வாலில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் ஊடுருவியது. எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. சிடியில் நாம் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறோம். ஆனால் அடிப்பக்கம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது, அதில் லேசாகக் கீறினாலும் லேசர் பெரும்பாலும் கடந்து போய்விடும். தகவல் பதிந்திருக்கும் சாயமும் அதன் மேல் பூசிய கண்ணாடி போன்ற உலோகமும் மேல்பக்கம், எழுதும் பரப்புக்கு நேர் கீழே இருக்கிறது, நடுவில் ஒரு வார்னிஷ் பூச்சுதான். பால்பாயின்ட் முனை அதைக் கிழித்துவிடும். சிடி மார்க்கர் என்று மெத்தென்ற முனையோடு ஒரு பேனா விற்பது இதற்காகத்தான். டிவிடியில் இந்தப் பயம் குறைவு, அதில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது.

அடிப்பக்கத்தையும் ஒரு தடவை துடைத்தேன், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக. வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் ஒரே சுருளாக உள்ளிருந்து வெளியே போகிறது, சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரான், நிறைந்த தகட்டில் அதன் நீளம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். குறுக்கே போகும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் தொடும். சிடியின் பிழை திருத்தும் ஏற்பாட்டால் சுருளில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை காணாமல் போனால்கூட அக்கம்பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிட முடியும். வட்டமாகத் துடைத்து விழுகிற கீறல் சுருளோடு கூடவே ஓடும், அப்போது அந்தக் கணக்கு எடுபடாது.

கிழிந்த இடத்தைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். டிரைவ் அதில் எஸ்ஆர்0 என்ற பெயரில் உடனே நின்றது. வெள்ளிக்கிழமையே இதைச் செய்திருந்தால் டிரைவில் குறையில்லை, விண்டோஸில்தான் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். டிரைவ் காணோம் என்று யார் என்னைக் கேட்டாலும் பயாஸுக்கு அடுத்து நான் இனி சொல்லப்போவது இதைத்தான்.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது, உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். இது ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்யாது, தகட்டை 2048 பைட் கொண்ட செக்டர் செக்டராக, மொத்தத் தகட்டின் நகலாக, ஒரே இமேஜ் ஃபைலாக எடுக்கும். படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே நின்று மல்லுக்கட்டாது, குறித்துவைத்துக்கொண்டு தாண்டிப் போய் நல்லதையெல்லாம் முதலில் எடுத்துவிடும். அப்புறம் விட்ட இடங்களுக்குத் திரும்ப வந்து முயலும். எங்கே விட்டது என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிவைப்பதால், நடுவில் நிறுத்தி, தகட்டை எடுத்துத் துடைத்து, ஏன் வேறு டிரைவில் போட்டுக்கூட, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். செத்துக்கொண்டிருக்கும் தகட்டுக்கு இதைவிடக் கருணையான ஒரு கருவியை நான் பார்த்ததில்லை.

முதல் சுற்று கால் மணி நேரத்தில் முடிந்தது. ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது, கிழிந்த இடத்தைச் சுற்றி மட்டும் சில நூறு செக்டர்கள் பாக்கி. மறுமுயற்சி போட்டுவிட்டு அப்பாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப் போனேன். ராத்திரி ஒன்றரைக்கு வந்து பார்த்தால் நாற்பது சொச்சம். அண்ணாச்சியின் யுஎஸ்பி டிரைவுக்கு மாற்றினேன், அது இன்னும் சிலவற்றைப் படித்தது, மறுபடி பழையதற்கு மாற்றினேன். விடிகாலை நாலு மணிக்கு ஆறே ஆறு செக்டரில் நின்றது. அதற்கு மேல் எத்தனை தடவை கேட்டாலும் தகடு தர மறுத்துவிட்டது. ஆறு செக்டர் என்றால் 12 கேபி.

ஞாயிற்றுக்கிழமை அந்த இமேஜை விண்டோஸில் இரண்டு தடவை தட்டினேன், ஒரு சிடி போலவே திறந்தது. தகட்டில் இருந்த பழைய பார்க்கும் மென்பொருள் ஓடவில்லை, மைக்ரோ டைகாம் என்ற ஒன்றை இறக்கிப் போட்டதும் முன்னூறு சொச்சம் படங்களும் வரிசையாக வந்தன. அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் காட்டினேன். "இதெல்லாம் நானா?" என்றார்.

காணாமல் போன ஆறு செக்டரும் ஒரே படத்தில் விழுந்திருந்தன. அந்தப் படத்தில் குறுக்கே ஆறு மெல்லிய கருப்புக் கோடுகள், ஏறக்குறைய சம இடைவெளியில், ஸ்கேலால் போட்டது போல. ஏன் அப்படி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். படம் 512க்கு 512 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 2 பைட். ஒரு வரிசைக்கு 1024 பைட், அப்படியென்றால் ஒரு செக்டர் போனால் இரண்டு வரிசை போகும். தகட்டின் அந்தப் பகுதியில் ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து, பதினோரு செக்டர்கள் வரும். பேனா கிழித்த கீற்றை லேசர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை கடக்கிறது, கடக்கும்போதெல்லாம் ஒரு செக்டரை இழக்கிறது. அதுதான் இருபது சொச்சம் வரிசைக்கு ஒரு கோடு.

திங்கட்கிழமை பென் டிரைவில் மொத்த ஃபோல்டரையும் கொண்டுபோனோம். டாக்டர் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, எல்4-எல்5 வரும் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தார். பாதியில் நின்றார். "இந்தக் கோடு எல்லாம் என்ன?" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"அது அப்பாவோடது இல்ல டாக்டர், சிடியோடது. அந்த இடத்துல மேல பேனாவால எழுதியிருந்தாங்க."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். பிறகு நாற்காலியை அப்பா பக்கம் திருப்பி, "பெருசா ஒண்ணும் கூடல சார். அப்ப இருந்த அளவுதான் இருக்கு. இப்ப ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் பிசியோ பண்ணிட்டு வாங்க" என்றார்.